டெண்டரில் ஒரு காகிதம் விடுபட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒப்பந்தக்காரர்களுக்கு டெண்டர் ஆவணங்களைத் தயாரித்துக் கொடுப்பது என் வேலை. தகுதி ஆவணங்கள் அடங்கிய டெக்னிக்கல் கவர் திறந்த மறுநாள் வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: "இன்கம்ப்ளீட்னு தள்ளிட்டாங்க, என்ன செய்யலாம்?" திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். தமிழ்நாடு அரசுத் துறைகளின் டெண்டர்களையும் மத்திய அரசு டெண்டர்களையும் மனதில் வைத்து எழுதியது. உங்கள் டெண்டர் ஆவணத்தில் இருக்கும் நிபந்தனையை முதலில் படித்துவிட்டு, பிறகு இதைப் படியுங்கள்.

"இன்கம்ப்ளீட்னு போட்டிருக்காங்க. அதுக்கு என்னதான் அர்த்தம்?"

அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு விஷயங்களைப் போட்டு அடைத்துவிடுகிறார்கள். கேட்ட காகிதம் இல்லவே இல்லை என்பது ஒன்று. காகிதம் இருக்கிறது, ஆனால் கேட்ட வடிவத்தில் இல்லை என்பது இரண்டாவது: நோட்டரி முத்திரை இல்லை, பேங்க் கேரண்டியின் காலம் குறைவு, படிவம் வேறு என்பதெல்லாம் இதில் வரும். மூன்றாவது, காகிதம் சரியாகவே இருக்கிறது, ஆனால் அதில் இருக்கும் டர்ன்ஓவரோ முன் அனுபவமோ தகுதிக்குப் போதவில்லை. இந்த மூன்றாவது வகை குறையாவணப் பிரச்சினையே அல்ல, தகுதிப் பிரச்சினை. அதற்கு இந்தப் பக்கத்தில் மருந்து இல்லை.

தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதன் கீழ் 2000இல் வந்த விதிகளும்தான் அடிப்படை. முதல்கட்டப் பரிசீலனையில் நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்கின்றன அந்த விதிகள்: தகுதி இருக்கிறதா, முக்கிய ஆவணங்களில் கையெழுத்து இருக்கிறதா, ஈ.எம்.டி. என்ற முன்வைப்புத் தொகை வந்திருக்கிறதா, தொழில்நுட்ப, வணிக நிபந்தனைகளுக்குக் கணிசமாகப் பொருந்துகிறதா. "கணிசமாக" என்ற சொல்லைக் கவனியுங்கள். அச்சுப்பிசகாமல் பொருந்த வேண்டும் என்று விதி சொல்லவில்லை. உங்களுக்கு வந்த நிராகரிப்பு இந்த நான்கில் எதைச் சார்ந்தது என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

"ஒரே ஒரு பேப்பர்தானே சார், கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே. கேட்கணும்னு சட்டம் இல்லையா?"

கேட்கலாம் என்று இருக்கிறது; கேட்டே ஆக வேண்டும் என்று பொதுவாக இல்லை. மத்திய நிதி அமைச்சகத்தின் கொள்முதல் கையேடு இதை நன்றாகவே பிரித்துச் சொல்கிறது. டெண்டர் திறக்கும் முன்பே இருந்து, அதன் பிறகு மாறாத பழைய ஆவணங்களை மட்டுமே பின்னால் கேட்டு வாங்கலாம். அது தரும் உதாரணமும் தெளிவானது: ஒரு சப்ளை ஆர்டரை வைத்துவிட்டு அதை முடித்ததற்கான சான்றை விட்டிருந்தால், அந்தச் சான்றைக் கேட்கலாம். ஆனால் தகுதிக்குப் போதவில்லை என்று புதிதாக இன்னொரு சப்ளை ஆர்டரைக் கேட்டு வாங்கக் கூடாது.

எனவே உங்கள் காகிதத்தின் தேதியைப் பாருங்கள். கடைசி நாளுக்கு முந்தைய தேதி இருந்தால் உங்கள் வாதத்துக்கு ஒரு கால் கிடைக்கிறது. கடைசி நாளுக்குப் பிறகு வாங்கிய சான்று என்றால், எவ்வளவு நியாயமாகத் தோன்றினாலும் அதை வைத்துச் சண்டை போடாதீர்கள். உங்களிடம் இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டி உள்ளே வர முயல்கிறீர்கள் என்றே அதை எதிராளி சொல்வார். அதிகாரியும் அப்படித்தான் பார்ப்பார்.

"எந்தப் பேப்பர் விட்டா போச்சு, எது விட்டா பரவாயில்லை? லிஸ்ட் இருக்கா?"

பட்டியல் இல்லை. ஆனால் நீதிமன்றங்கள் வெகு நாளாக ஒரு கோடு போட்டு வைத்திருக்கின்றன: அத்தியாவசிய நிபந்தனை, துணை நிபந்தனை. இதற்கு எல்லோரும் மேற்கோள் காட்டுவது 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்ன போடார் ஸ்டீல் தீர்ப்பு. வாரணாசி டீசல் ரயில் எஞ்சின் தொழிற்சாலையின் பழைய இரும்பு விற்பனை டெண்டர் அது. முன்வைப்புத் தொகையை ரொக்கமாகவோ ஸ்டேட் வங்கி டி.டி.யாகவோ கட்டச் சொல்லியிருந்தார்கள். ஒருவர் யூனியன் வங்கி சான்றளித்த காசோலையைக் கொடுத்தார். பணம் நிச்சயம் வந்துவிடும் என்கிற நோக்கம் நிறைவேறியதால் இது சின்ன விலகல்தான், இதை அதிகாரி தளர்த்தலாம் என்றது நீதிமன்றம்.

பலரும் அந்தத் தீர்ப்பை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். 2016இல் சென்ட்ரல் கோல்ஃபீல்ட்ஸ் வழக்கில், பேங்க் கேரண்டி குறிப்பிட்ட படிவத்தில் இல்லை என்பதற்காக நிராகரித்தது சரி என்று அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. எது அத்தியாவசியம் என்று முடிவு செய்வது டெண்டர் விட்டவர் வேலை என்றும் சொன்னது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் முரண். கூர்ந்து பார்த்தால் ஒரு பொது அம்சம் தெரியும்: முதல் வழக்கில் அதிகாரி ஏற்றுக்கொண்டார், நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. இரண்டாவதில் அதிகாரி தள்ளினார், அங்கேயும் நீதிமன்றம் அவர் பக்கமே நின்றது.

ஆகவே "என் குறை ரொம்பச் சின்னது" என்பதை மட்டும் வைத்து ஜெயிப்பது கடினம். டெண்டர் ஆவணத்தில் அந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில் "இல்லையென்றால் நிராகரிக்கப்படும்" என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். எழுதியிருந்தால் வாசல் ஏறக்குறைய மூடியாயிற்று. எழுதவில்லை என்றால் பேச இடம் உண்டு.

"ஈ.எம்.டி. ஆன்லைன்ல கட்டிட்டேன். ரசீது மட்டும் அப்லோட் பண்ணல. இதுக்குமா தள்ளுவாங்க?"

பணம் கெடுவுக்குள் அவர்கள் கணக்குக்குப் போய்ச் சேர்ந்திருந்தால், இந்தப் பக்கத்திலேயே உங்கள் நிலைதான் ஓரளவு நல்ல நிலை. நிபந்தனையின் நோக்கம் பணம் வருவது, அது வந்துவிட்டது, ரசீது அதற்கான சாட்சி மட்டுமே. பரிவர்த்தனை எண், நேரம், வங்கிக் கணக்கு அறிக்கை மூன்றையும் இணைத்து அன்றைக்கே எழுதுங்கள். பணமே மறுநாள்தான் போய்ச் சேர்ந்தது என்றால் கதை வேறு.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு குழப்பம் சிறு, குறு நிறுவனங்களுக்கான ஈ.எம்.டி. விலக்கு. உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவு இருந்தால் எல்லா டெண்டருக்கும் விலக்கு என்று நினைத்துவிடுகிறார்கள். மத்திய அரசின் கொள்முதல் கொள்கை, தானே தயாரிக்கும் பொருளுக்கும் தானே தரும் சேவைக்கும்தான். வாங்கி விற்பவர்களுக்கும் கட்டுமானப் பணி ஒப்பந்தங்களுக்கும் அந்தக் கொள்கை பொருந்தாது. விலக்கு உண்டா என்பதை டெண்டர் ஆவணத்தில் பார்த்து உறுதி செய்யாமல், ஈ.எம்.டி. கட்டாமலேயே போட்டுவிட்டு "விலக்கு இருக்கே" என்று வருபவர்களுக்கு என்னால் பெரிதாக உதவ முடிந்ததில்லை.

"எல்லாத்திலயும் என் டிஜிட்டல் சிக்னேச்சர் இருக்கே. அப்புறம் எதுக்கு ஒவ்வொரு பக்கத்திலயும் மை கையெழுத்து?"

நியாயமான கேள்வி. மின்னணுக் கையொப்பத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 சட்ட அங்கீகாரம் தருகிறது. டிஜிட்டல் சிக்னேச்சரோடு ஏற்றிய ஆவணத்தில் ஏதோ ஒரு பக்கத்தில் மை கையெழுத்து இல்லை என்று மட்டும் தள்ளினால், அதை எதிர்த்து எழுத உங்களுக்கு நல்ல காரணம் இருக்கிறது.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் வரும். டிஜிட்டல் சிக்னேச்சர் ஒருவர் பெயரில், கம்பெனிக்காகக் கையெழுத்திட அதிகாரம் பெற்றவர் இன்னொருவர். இருவரையும் இணைக்கும் பவர் பத்திரமோ கூட்டாளிகளின் ஒப்புதலோ உள்ளே இருக்காது. இதைப் பரிசீலனைக் குழு கண்டுபிடித்தால், டெண்டர் போட்டது யார் என்பதே கேள்வியாகிவிடுகிறது. அதைத் துணை நிபந்தனை என்று வாதிடுவது சிரமம்.

"சர்வர் மாட்டிக்கிச்சு. ஃப்ரீஸ் பட்டன் அழுத்துறதுக்குள்ள டைம் முடிஞ்சுபோச்சு. ஸ்கிரீன்ஷாட் இருக்கு."

தேசிய தகவலியல் மையத்தின் மென்பொருளில் ஓடும் டெண்டர் இணையதளங்களில் எல்லாவற்றையும் ஏற்றினாலும், கடைசியில் ஃப்ரீஸ் செய்தால்தான் டெண்டர் போட்டதாகக் கணக்கு. நேரம் என்பது சர்வரின் கடிகாரம். உங்கள் கணினியில் என்ன மணி காட்டியது என்பதற்கு மதிப்பில்லை. ஃப்ரீஸ் ஆகாத டெண்டர் குறையுள்ள டெண்டர்கூட அல்ல. அது வரவே இல்லாத டெண்டர்.

ஸ்கிரீன்ஷாட் உதவுவது ஒரே சூழலில்: கோளாறு தளத்தில் இருந்தது, உங்கள் இணைய இணைப்பில் இல்லை என்று காட்ட முடிய வேண்டும். அதே நேரத்தில் மற்றவர்கள் எளிதாக ஏற்றியிருந்தால் அந்த வாதம் அங்கேயே விழுந்துவிடும். கெடு முடியும் முன்பே உதவி மையத்துக்கு மின்னஞ்சல் போட்டு, டெண்டர் விட்ட அதிகாரிக்கும் நகல் அனுப்பியிருந்தால் கொஞ்சம் பலம் உண்டு. முடிந்த பிறகு அனுப்பியது புலம்பலாகத்தான் படிக்கப்படும்.

"பி.ஓ.க்யூ.ல ரேட் தப்பா போட்டுட்டேன். யார் பார்த்தாலும் தப்புன்னு தெரியும். திருத்த விடுவாங்களா?"

பி.ஓ.க்யூ. என்பது வேலையின் அளவுகளும் ரேட்டும் இருக்கும் விலைப் பட்டியல். அதில் வரும் கூட்டல், பெருக்கல் பிழைக்குப் பெரும்பாலான டெண்டர்களிலேயே வழி எழுதியிருப்பார்கள். யூனிட் ரேட்டுக்கும் மொத்தத்துக்கும் முரண் என்றால் யூனிட் ரேட் நிற்கும். எண்ணுக்கும் எழுத்துக்கும் முரண் என்றால் எழுத்து நிற்கும். அதைத் தாண்டி "நான் நினைத்தது இது அல்ல" என்பதற்கு இடம் இல்லை. புருலியா நீர்மின் திட்ட டெண்டரில் ஒரு பெரிய நிறுவனமே கணினிப் பிழையால் யூனிட் ரேட் மாறிவிட்டது, திருத்த விடுங்கள் என்று கேட்டது. 2001இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

2025 செப்டம்பரில் வந்த இன்னொரு தீர்ப்பு இதைவிடக் கடுமை. மேற்கு வங்கத்தில் ஒரு சாலைக் கட்டண வசூல் டெண்டர். 1,095 நாளுக்கான தொகையைக் கேட்டிருந்த இடத்தில் ஒருவர் 9,72,999 ரூபாய் என்று போட்டார். அது ஒரு நாளுக்கான தொகை, மொத்தம் 106 கோடிக்கு மேல் வரும், தெரியாமல் மாறிவிட்டது என்றார். அவர் சொன்னது உண்மையாக இருந்தால் அரசுக்கு அதிகத் தொகை தர முன்வந்தவர் அவரே, அரசுக்கும் லாபம். உயர் நீதிமன்றம் இதை ஏற்றது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. விலைக் கவர் திறந்த பிறகு திருத்த அனுமதித்தால் எல்லா டெண்டரும் ஆட்டம் கண்டுவிடும் என்பதுதான் அதன் சாரம். அரசுக்கு லாபம் என்று சொன்னால் கதவு திறக்கும் என்று நம்புகிறவர்களுக்கு இதைத்தான் நான் காட்டுவது.

"டெண்டர்ல கேட்கவே இல்லாத ஒரு பேப்பரைக் காரணம் காட்டி ரிஜெக்ட் பண்ணிட்டாங்க."

அப்படியென்றால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. மத்தியப் பிரதேச மின் உற்பத்தி நிறுவனத்தின் டெண்டர் ஒன்றில், முன் அனுபவத்துக்கான சான்றோடு கூட்டு முயற்சி ஒப்பந்தத்தின் நகலை வைக்கவில்லை என்று ஒருவரைத் தள்ளினார்கள். அந்த நகலை வைக்க வேண்டும் என்று டெண்டர் அறிவிப்பில் இல்லை. 2025இல் உச்ச நீதிமன்றம் அந்த நிராகரிப்பு செல்லாது என்றது.

ஆனால் டெண்டர் ஆவணம் என்பது முதல் பி.டி.எஃப். மட்டும் அல்ல. கரிஜெண்டம் என்ற திருத்த அறிவிப்பு, டெண்டர் போடும் முன் நடக்கும் ப்ரீ-பிட் கூட்டத்தின் குறிப்பு, இணைப்புகள், "இதோடு சேர்த்துப் படிக்கவும்" என்று குறிப்பிட்ட பொது நிபந்தனைகள் எல்லாமே அதில் அடக்கம். கேட்கவில்லை என்று உறுதியாகச் சொல்வதற்கு முன் அத்தனையையும் ஒருமுறை தேடிவிடுங்கள்.

"ஜெயிச்சவரும் அதே பேப்பரை வைக்கல. அவருக்கு மட்டும் டைம் கொடுத்து வாங்கிக்கிட்டாங்க. இது அநியாயம் இல்லையா?"

அநியாயம்தான். குறையாவணச் சண்டைகளில் உண்மையில் ஜெயிக்கும் வாதமும் இதுதான். என் காகிதம் முக்கியமா இல்லையா என்று நீங்கள் வாதிட்டால், மேலே சொன்னதுபோல அதிகாரி முடிவே பெரும்பாலும் நிற்கும். ஆனால் "எது விதியோ அதை எல்லோருக்கும் வையுங்கள்" என்று கேட்டால் சமத்துவம் பேசும் அரசியலமைப்பின் 14ஆவது பிரிவு உங்கள் பக்கம் வந்து நிற்கிறது.

பாரத் கோக்கிங் கோல் நிறுவனத்தின் சுரங்க டெண்டர் ஒன்றில், அதிகாரப் பத்திரம் சொன்ன முறைப்படி இல்லை என்று ஒரு நிறுவனத்தைத் தள்ளினார்கள். ஜெயித்த நிறுவனமும் கட்டாய ஆவணங்களை முதலில் வைக்கவில்லை. அதன் குறையை மட்டும் பொறுத்துக்கொண்டார்கள். பன்சிதர் கன்ஸ்ட்ரக்‌ஷன் வழக்கில் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதைப் பாரபட்சம் என்று சொல்லி, கொடுத்த ஒப்பந்தத்தையே ரத்து செய்தது. 1990இல் ஜி.ஜே. ஃபெர்னாண்டஸ் வழக்கிலும் இதே தொனிதான்: தளர்த்துவதானால் எல்லோருக்கும் ஒரே மாதிரி தளர்த்த வேண்டும்.

இந்த வாதத்தில் ஒரு கண்ணி உண்டு. "அவரும் தவறு செய்தார், அதனால் என் தவறையும் மன்னியுங்கள்" என்று கேட்டால் எடுபடாது. "அவரைச் சேர்த்தது போல என்னையும் சேருங்கள், அல்லது இருவரையும் ஒரே அளவுகோலில் மறுபடி பாருங்கள்" என்று கேளுங்கள். இரண்டு குறையும் ஒரே வகையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். அவருடையது பழைய ஆவணம், உங்களுடையது புதிதாக வாங்கியது என்றால் ஒப்பீடு நிற்காது.

"அவர் என்ன வைச்சார், வைக்கலன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

முதலில் டெண்டர் இணையதளத்தையே பாருங்கள். கவர் திறந்த பிறகு பரிசீலனைச் சுருக்கத்தையும் ஏற்பு, நிராகரிப்புப் பட்டியலையும் அதில் ஏற்றுவார்கள். அதைப் பார்க்காமலேயே வக்கீலைப் பார்க்கப் போகிறவர்கள் நிறைய.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இன்னொரு வழி. ஆனால் மதிப்பீடு நடந்துகொண்டிருக்கும்போது அது ரகசியம் என்று மறுப்பார்கள். முடிந்த பிறகும் வணிக ரகசியம் என்று 8(1)(d) பிரிவைக் காட்டக்கூடும். "அவருடைய முழு டெண்டர் நகல் வேண்டும்" என்று கேட்பதைவிட, பரிசீலனைக் குழுவின் ஒப்பீட்டு அறிக்கையையும் யார் யாரிடம் என்ன விளக்கம் கேட்டார்கள் என்ற கடிதங்களையும் கேட்பது பலன் தரும். பதிலுக்கு 30 நாள் ஆகும். அதற்குள் ஒர்க் ஆர்டர் போய்விடும் என்பதால், பதில் வரும்வரை மேல்முறையீட்டை நிறுத்தி வைக்காதீர்கள்.

"காரணமே சொல்லல. 'நாட் ரெஸ்பான்சிவ்' அப்படின்னு ஒரே வரி. இது போதுமா?"

போதாது. தமிழ்நாடு சட்டப்படி ஒப்பந்தப்புள்ளியை ஏற்கும் அதிகாரி, ஏற்கப்பட்டவரின் பெயரோடு மற்றவர்களை நிராகரித்ததற்கான காரணங்களையும் ஒப்பந்தப்புள்ளிச் செய்தி இதழுக்கு அனுப்ப வேண்டும். எனவே காரணம் கேட்பது உங்கள் உரிமை. கேட்டு எழுதுங்கள்: எந்த நிபந்தனை எண், எந்த ஆவணம், எந்தத் தேதியில் குழு முடிவு செய்தது. கடிதத்தில் கோபம் வேண்டாம்.

அந்தக் கடிதத்துக்கு வரும் பதில் உங்களுக்குப் பின்னால் ரொம்ப உதவும். ஆணையில் சொன்ன காரணத்தை வைத்துத்தான் ஆணை நிற்க வேண்டும், வழக்கு வந்த பிறகு பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணம் சேர்க்க முடியாது என்று 1977இலேயே மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தேர்தல் வழக்குதான், ஆனாலும் டெண்டர் வழக்குகளில் இதை அடிக்கடி எடுத்து வைப்பார்கள். அவர்கள் ஒரு காரணத்தை எழுத்தில் கொடுத்துவிட்டால் அதோடு கட்டுப்பட்டுவிடுகிறார்கள்.

"சரி, மேல்முறையீடு எங்கே? எத்தனை நாளுக்குள்ள?"

தமிழ்நாடு சட்டத்தின் 11ஆவது பிரிவுப்படி, ஏற்கும் அதிகாரியின் ஆணை கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். அரசு 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பத்து நாள் என்பது மிகக் குறைவு. காரணம் கேட்ட கடிதத்துக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்தால் கெடு ஓடிவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யுங்கள்.

மத்திய அரசு டெண்டர்களில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. பொது நிதி விதிகள் 2017, நிராகரிப்பைக் கேள்வி கேட்க டெண்டர் ஆவணத்திலேயே வழி இருக்க வேண்டும் என்கின்றன. அந்த வழி எங்கே, எத்தனை நாள் என்பதை ஆவணத்தில் தேடிப் பாருங்கள். ஜெம் என்ற அரசுக் கொள்முதல் தளத்தில் டெக்னிக்கல் நிராகரிப்பை எதிர்த்து அங்கேயே முறையிடலாம், ஆனால் அந்தச் சாளரம் சீக்கிரம் மூடிவிடும். பெரிய பொதுத்துறை டெண்டர்களில், லஞ்சம் இருக்காது என்று இரு தரப்பும் கையெழுத்திடும் நேர்மை உடன்படிக்கை இருந்தால், அதில் குறிப்பிட்ட வெளிக் கண்காணிப்பாளருக்கும் எழுதலாம்.

"நேரா ஹைகோர்ட்ல ரிட் போட்டு ஸ்டே வாங்கிடலாம்னு வக்கீல் சொல்றார்."

ரிட் போடலாம், அரசியலமைப்பின் 226ஆவது பிரிவு இருக்கிறது. ஆனால் மேல்முறையீட்டு வழி இருக்கும்போது அதை முடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட வாய்ப்பு அதிகம். உள்ளே எடுத்துக்கொண்டாலும், 1994இன் டாடா செல்லுலார் தீர்ப்பிலிருந்து நிலைமை ஒன்றுதான்: முடிவு சரியா என்று நீதிமன்றம் பார்க்காது, முடிவெடுத்த விதம் சரியா என்று பார்க்கும். 2006இல் ஜகதீஷ் மண்டல் வழக்கு இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொன்னது. கெட்ட நோக்கமோ, எந்த நியாயமான அதிகாரியும் எடுக்காத முடிவோ இருக்கிறதா? பொது நலன் பாதிக்கப்படுகிறதா? இரண்டுக்கும் இல்லை என்றால் தலையிட வேண்டாம் என்றது.

ஸ்டே இன்னும் கடினம். சாலை, பாலம் போன்ற உள்கட்டமைப்புப் பணிகளை நிறுத்தி வைக்காதீர்கள், பாதிக்கப்பட்டவர் நஷ்டஈடு கேட்கட்டும் என்ற போக்கை 2022இல் என்.ஜி. புராஜெக்ட்ஸ் வழக்கு வலுவாகச் சொன்னது. தாமதமும் உங்களைக் கொல்லும். டெண்டர் சட்டத்தின் அடிக்கல் என்று சொல்லப்படும் 1979ஆம் ஆண்டின் ரமணா தயாராம் ஷெட்டி வழக்கில், அறிவித்த தகுதியை அதிகாரி மீறக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்னது. அப்படிச் சொல்லிவிட்டும் வழக்குப் போட்டவருக்கு நிவாரணம் தரவில்லை. அவர் தாமதமாக வந்தது அதற்கு ஒரு காரணம். என் கருத்து: பாரபட்சம் காகிதத்தில் தெரிந்தால் உடனே போங்கள். "என் குறை சின்னது" என்பது மட்டுமே கையில் இருந்தால் அடுத்த டெண்டருக்கு வேலை பாருங்கள்.

"அந்த நிபந்தனையே தப்பு. வேணும்னே ஒருத்தருக்காக வச்சது. இப்போ கேட்கலாமா?"

டெண்டர் போடுவதற்கு முன் கேட்டிருக்க வேண்டும். ப்ரீ-பிட் கூட்டம் இருப்பது அதற்குத்தான். கூட்டம் இல்லை என்றால் விளக்கம் கேட்டு எழுதலாம். நிபந்தனையை ஏற்கிறேன் என்று கையெழுத்துப் போட்டு, போட்டியில் கலந்து, தோற்ற பிறகு நிபந்தனை தவறு என்றால் யாரும் காது கொடுப்பதில்லை. இரண்டு விதமாகப் பொருள் கொள்ளக்கூடிய நிபந்தனை என்றாலும் இதே கதிதான்: டெண்டர் ஆவணத்தை எழுதியவரே அதற்குப் பொருள் சொல்லத் தகுந்தவர் என்று 2016இல் அஃப்கான்ஸ் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள்.

"கேஸ் போட்டுத் தோத்தா என்ன ஆகும்? பிளாக்லிஸ்ட் பண்ணிடுவாங்களா?"

இரண்டும் வேறு பயங்கள். செலவுத் தொகை விதிக்கப்படும் பயம் நியாயமானது. தமிழ்நாடு அரசின் மதுபாட்டில் ஹாலோகிராம் டெண்டர் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம், வணிக நோக்கில் டெண்டர் வழக்குப் போட்டுத் தோற்பவர் மறுதரப்பின் செலவை ஏற்க வேண்டும் என்று சொல்லி அப்படியே விதித்தது.

வழக்குப் போட்டதற்காகவோ ஒரு காகிதத்தை விட்டதற்காகவோ கறுப்புப் பட்டியலில் சேர்க்க முடியாது. சேர்ப்பதற்கு முன் விளக்கம் கேட்டு நோட்டீஸ் தர வேண்டும் என்பது 1974இன் எருசியன் எக்விப்மென்ட் வழக்கிலிருந்தே நிலைத்த சட்டம். அந்த நோட்டீஸில் கறுப்புப் பட்டியல் நடவடிக்கை என்று தெளிவாகத் தெரிய வேண்டும் என்று 2014இல் கோர்க்கா செக்யூரிட்டி தீர்ப்பு சேர்த்தது. விடுபட்ட காகிதத்துக்கு ஈ.எம்.டி. வழக்கமாகத் திரும்ப வந்துவிடும். பொய்க் காகிதம் வைத்தவர் கதை வேறு; அங்கே ஈ.எம்.டி.யும் போகும், பெயரும் போகும். விடுபட்ட சான்றுக்குப் பதிலாக "பழைய தேதி போட்டு" ஒன்று செய்து தரச் சொல்லிக் கேட்பவர்களை நான் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன்.

"நான்தான் எல்1. இப்போ எல்2 என் பேப்பர்ல குறை இருக்குன்னு பெட்டிஷன் போட்டிருக்கார். நான் சும்மா இருக்கலாமா?"

இருக்கக் கூடாது. எல்1 என்றால் மிகக் குறைந்த விலை கொடுத்தவர், எல்2 அவருக்கு அடுத்தவர். துறை பார்த்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். துறையின் கவலை தன் முடிவைக் காப்பாற்றுவது. அது உங்களைக் காப்பாற்றுவதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. நாளைக்கே டெண்டரை ரத்து செய்து மறுபடி விட்டால் துறைக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும், உங்களுக்குத் தீராது.

எல்2 சொல்லும் குறை உண்மையா என்று நீங்களே உங்கள் அப்லோடை எடுத்துப் பாருங்கள். துறை உங்களிடம் விளக்கம் கேட்டு வாங்கியிருந்தால், கேட்ட கடிதம், கொடுத்த தேதி, அந்த ஆவணத்தின் சொந்தத் தேதி மூன்றையும் தனியாக எடுத்து வையுங்கள். மற்றவர்களிடமும் இதே மாதிரி கேட்டார்களா என்பதை உங்கள் தரப்பிலிருந்தும் தெரிந்துகொள்ள வேண்டும். பன்சிதர் வழக்கில் ஒப்பந்தம் பறிபோனது ஜெயித்த தரப்புக்குத்தான். உயர் நீதிமன்றத்துக்குப் போவார் என்று தோன்றினால் கேவியட் போட்டு வையுங்கள், உங்களைக் கேட்காமல் இடைக்கால உத்தரவு வராது. மனுவில் உங்களைச் சேர்க்காமல் விட்டிருந்தால் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மனு போடுங்கள். ஒர்க் ஆர்டர் கையில் வந்திருந்தால் வேலையைத் தொடங்கி, அளவுப் புத்தகத்தில் ஏறிய ஒவ்வொரு பதிவின் நகலையும் வக்கீலிடம் கொடுங்கள். ஸ்டே கேட்டு வாதம் நடக்கும் நாளில் அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.